யாருக்கு இடம்? – 2024 விட்டுச்சென்றவை

டிசம்பர் பாதி தாண்டுவதற்குள் இதழ்களும் தொலைக்காட்சி நிலையங்களும் 'ஆண்டின் சிறந்த பத்து' என்று பட்டியல் போட்டு முடித்துவிடுகின்றன. அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றை அப்படியே வாயிலிட்டு ருசி சொல்லும் அவசரம் அதில் இருக்கிறது. சற்று ஆறவிட்டு, எது இன்னும் நாவில் நிற்கிறது என்று பார்த்து எழுதுவது நல்லது. 2024ஆம் ஆண்டைப் பற்றிய இந்தக் கட்டுரை அப்படி ஆறிய பின் எழுதப்படுவது. பத்து என்ற கணக்கும் இதில் இல்லை. திருவந்திபுரத்தில் கெடிலக் கரையில் இருந்துகொண்டு, கடலூர்த் திரையரங்குகளிலும் வீட்டுத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்த்தவற்றுள் மனத்தைவிட்டு அகலாதவை மட்டுமே இவை. உலகப் படவிழாக்களை வலம் வந்தவரின் தேர்வு அன்று.

நினைவில் நின்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பார்க்கையில் அவற்றினூடே ஒரே கேள்வி ஓடுவது தெரிந்தது. அணியில் யாருக்கு இடம்? கூத்தில் யாருக்கு எந்த வேடம்? கூலியாள் வண்டியில் எங்கே உட்காருவது? ஊரைவிட்டுப் போனவனுக்கு அந்த ஊரில் பிறகும் ஓரிடம் இருக்குமா? திட்டமிட்டு யாரும் இப்படி எடுக்கவில்லை. ஆனாலும் அவ்வாண்டின் நல்ல தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு வாசலில்தான் வந்து நின்றன.

முதலிடம் 'லப்பர் பந்து'வுக்கு. தமிழரசன் பச்சமுத்து இயக்கி 2024 செப்டம்பர் 20 அன்று வெளிவந்த படம். பெரிய நடிகர் இல்லை. பெரிய விளம்பரமும் இல்லை. அறுவடை முடிந்த நிலத்தில் நடக்கும் ரப்பர் பந்து கிரிக்கெட்தான் களம். நம் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எந்த ஊரைத் தாண்டிப் போனாலும் கண்ணில் படும் காட்சி. நாற்பதை நெருங்கியும் மட்டையைக் கீழே வைக்காத 'கெத்து' என்னும் பூமாலையாக தினேஷ் வருகிறார். அவருடைய ஆட்டத்தின் பலவீனத்தை ஒரே பார்வையில் கண்டுகொள்ளும் இளம் பந்துவீச்சாளன் அன்புவாக ஹரிஷ் கல்யாண். இருவருக்கும் மூளும் வீம்பும், கெத்துவின் மகளை அன்பு விரும்புவதும்தான் கதை. கேட்பதற்குப் பழைய கதைபோலத் தோன்றும். பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை.

காரணம், அன்புவின் நிலை. நன்றாகப் பந்து வீசுகிறான் என்பது ஊருக்கே தெரியும். ஆள் குறையும் நாளில் அவனைக் கூப்பிடுவார்கள். வெற்றி பெற்றதும் தோளில் தட்டுவார்கள். ஆனால் அணியில் அவன் உறுப்பினன் அல்லன். ஏன் அல்லன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அணிக்குள் அவனைச் சேர்க்கக் கூடாது என்று நினைப்பவர்கள்கூட அவனோடு சிரித்துப் பேசுகிறார்கள். ஒன்றாகத் தேநீர் குடிக்கிறார்கள். சாதி என்ற சொல்லை உரக்க முழங்காமலே சாதி எப்படி இயங்குகிறது என்பதை இத்தனை துல்லியமாகக் காட்டிய வணிகப் படம் அண்மையில் வேறு வந்ததாக நினைவில்லை. அடித்து விரட்டும் சாதியைத் திரையில் பலமுறை பார்த்துவிட்டோம். சிரித்துக்கொண்டே பதினோராவது இடத்தைக் காலியாக வைத்திருக்கும் சாதியை இப்படம் காட்டுகிறது.

சுவாசிகா ஏற்ற யசோதை பாத்திரத்தையும் சொல்ல வேண்டும். சாதி மறுத்துக் கெத்துவை மணந்து வந்தவள். குடும்பத்தை மறந்து விளையாடும் கணவன்மேல் கோபம் தாங்காமல் ஆடுகளத்துக்கே டிராக்டரை ஓட்டிவந்து உழுதுவிடுகிறாள். அரங்கம் அதிரச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு அடியில் அவள் இழந்துவந்த உறவுகளின் கணக்கு இருக்கிறது என்பதைப் பின்பாதி மெல்ல உணர்த்துகிறது. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் தாங்குவதைத் தமிழ்த் திரையில் காண்பதே அரிதாகிவிட்டது, இங்கே காண்கிறோம். கெத்து விஜயகாந்தின் ரசிகர். அவர் களமிறங்கும்போதெல்லாம் 'பொன்மனச் செல்வன்' படத்துப் பழைய பாடல் ஒலிக்கிறது. விருத்தாசலத்தில் 2006இல் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய மாவட்டம் நம்முடையது. 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்து ஓராண்டு ஆகுமுன் அப்பாடலைக் கேட்டபோது அரங்கில் விசில் அடித்தவர்களுள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்க்க முடிந்தது. கடைசிப் பகுதியில் முடிச்சுகள் சற்று எளிதாகவே அவிழ்கின்றன என்பது என் குறை. பெருங்குறை அன்று.

இப்படத்தைப் பற்றி நம்மவர் கூடிப் பேசும்போது 'அது அவர்கள் ஊர் வழக்கம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது நமக்கு அழகில்லை. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப்பங்கு கேட்டதைத் தொடர்ந்து எழுந்த மோதலில், 2008 மார்ச் 9 அன்று காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டனர். ஒரே திருப்பலியில் பங்கேற்றவர்களுக்கிடையே எழுந்த மோதல் அது. பதினோராவது இடம் யாருக்கு என்பது விளையாட்டுத் திடலோடு நிற்கும் கேள்வியன்று என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

'லப்பர் பந்து'வுக்கு ஒரு மாதம் முன்னதாக, ஆகஸ்ட் 23 அன்று, இரண்டு படங்கள் ஒரே நாளில் வந்தன. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தவர்களுக்கு உறக்கம் கெட்டிருக்கும்.

ஒன்று மாரி செல்வராஜின் 'வாழை'. தம் இளமைப் பருவத்தையே அவர் படமாக்கியிருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூர். வார நாள்களில் பள்ளி, விடுமுறை நாள்களில் வாழைத்தார் சுமக்கும் வேலை. சிவனைந்தன் என்ற சிறுவனின் கழுத்து வலியை நம் கழுத்தில் உணர வைத்துவிடுகிறது ஒளிப்பதிவு. ஆசிரியைமேல் அவன் கொள்ளும் கள்ளமற்ற ஈர்ப்பைச் சொல்லும் பகுதி இனிமையானதே என்றாலும் சற்று நீள்கிறது. ஆனால் படத்தின் அச்சாணி வேறோரிடத்தில் இருக்கிறது. தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்கிறார்கள் உழைப்பாளர்கள். கேட்டது கிடைக்கிறது. கொடுத்த அந்த ஒரு ரூபாயை எங்கே ஈடுகட்டுவது என்று கணக்குப் பார்க்கிறது மறுதரப்பு. ஆள்களைத் தனி வண்டியில் அனுப்பும் செலவு குறைக்கப்படுகிறது. வாழைத்தார் ஏற்றிய லாரியின்மேலேயே ஏறிக்கொள்ளச் சொல்கிறார்கள். அதன் பின் நடப்பதைப் படம் பார்த்தவர் அறிவர்.

விபத்து என்று செய்தித்தாளின் மூலையில் நான்கு வரியில் முடிந்துவிடும் ஒன்றின் பின்னே இப்படியொரு கணக்கு இருப்பதைக் காட்டியதுதான் 'வாழை'யின் சாதனை. நம் மாவட்டத்திலும் முந்திரிக்கொட்டை பொறுக்கவும் கரும்பு வெட்டவும் சரக்கு வண்டிகளில் நின்றபடி போகிறவர்களை விடியற்காலையில் காண்கிறோம். அவர்களுக்கு வண்டியில் இடம் இல்லை. சரக்குக்கு மேல் கிடைப்பதே இடம்.

மற்றொன்று பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. பெர்லின் திரைப்பட விழாவில் அதே ஆண்டு பிப்ரவரியில் திரையிடப்பட்ட பிறகு இங்கு வந்தது. பின்னணி இசை என்பதே கிடையாது. வேறு சாதி இளைஞனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, குடும்பமே ஆட்டோவிலும் இருசக்கர வண்டிகளிலுமாக ஒரு சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. பலிக்கென்று கட்டிய சேவலும் கூடவே வருகிறது. அன்னா பென் படம் முழுவதும் ஏறக்குறையப் பேசுவதே இல்லை. ஒரு பாட்டை முணுமுணுத்தாள் என்பதற்காகச் சூரி ஆடும் வெறியாட்டம் வயிற்றைப் பிசைகிறது. படம் எந்த முடிவையும் சொல்லாமல் நிற்கிறது என்று பலர் சலித்துக்கொண்டார்கள். திரையரங்கை விட்டு முணுமுணுத்தபடி எழுந்து போனவர்களையும் கண்டேன். எனக்கு அது சரியான இடத்தில் நின்றதாகவே பட்டது.

மீனாவின் மௌனம் எனக்கு நம் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனை நினைவூட்டியது. அவரே எழுதி இயக்கி 1966இல் வந்த 'யாருக்காக அழுதான்?' படத்தில் நாகேஷ் ஏற்ற ஜோசப், செய்யாத திருட்டுக்குப் பழி சுமந்தும் வாய் திறவாத கிறிஸ்தவன். சிரிக்க வைப்பதற்கென்றே பிறந்தவர் என்று கருதப்பட்ட நாகேஷுக்கு அந்த அழுகையில் ஓரிடம் கொடுத்தார் ஜெயகாந்தன். ஜோசப்பின் மௌனம் பொறுமை. மீனாவின் மௌனம் மறுப்பு. அறுபது ஆண்டுக்காலத்தில் தமிழ்த் திரை நடந்த தூரத்தை இவ்விரு மௌனங்களுக்கு இடையே அளந்துவிடலாம்.

'மெய்யழகன்' வேறு வகை. சி. பிரேம்குமார் இயக்கி செப்டம்பர் 27 அன்று வெளியானது. சொத்துத் தகராறில் பரம்பரை வீட்டை இழந்து 1996இல் தஞ்சையை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்த அருள்மொழி, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் தங்கையின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். 'அத்தான்' என்று உரிமையோடு ஓர் உறவினன் ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. கேட்கவும் கூச்சம். திருவந்திபுரத்தில் வாழ்பவர்களுக்கு இது சிரிப்புக்கிடமான சங்கடம் மட்டும் அன்று. தேவநாத சுவாமி கோயிலை ஒட்டிய ஔஷதகிரி மலையில் முகூர்த்த நாள்களில் நூற்றுக்கணக்கில் திருமணங்கள் நடக்கும். நண்பர் வீட்டுத் திருமணத்துக்கென்று நாமும் போவோம். கையைப் பற்றிக்கொண்டு 'என்னைத் தெரியுதா?' என்று கேட்கும் முகம் ஒன்று எப்படியும் இருக்கும். அதற்கு நாம் செய்யும் பாவனைகளை அரவிந்த்சாமி அப்படியே செய்துகாட்டுகிறார்.

அருள்மொழியின் குடும்பம் வேண்டாமென்று விட்டுச்சென்ற பழைய மிதிவண்டி ஒன்று, அந்தப் பெயர் தெரியாத உறவினனின் வீட்டையே தூக்கி நிறுத்தியிருக்கிறது. விட்டுச் சென்றவருக்கு அது நினைவிலும் இல்லை. நாம் ஓரிடத்தை இழந்துவிட்டோம் என்று புழுங்கிக்கொண்டிருக்க, அங்கே ஒருவன் நமக்கென்று ஓரிடத்தைக் காத்துவைத்திருக்கிறான் என்ற எண்ணம் எத்தனை ஆறுதலானது! படம் நீளம் என்ற முறையீட்டுக்குப் பணிந்து வெளியான பிறகு ஏறத்தாழ பதினெட்டு நிமிடங்களை வெட்டினார்கள். வெட்டியிருக்க வேண்டியதில்லை. திண்ணைப் பேச்சை யாராவது கத்தரிப்பார்களா?

இனி கலைக்கு வருவோம். அதற்கும் திரைப்படம் வழியாகவே வர வேண்டியிருக்கிறது. பாரி இளவழகன் எழுதி, இயக்கி, நடித்த 'ஜமா' ஆகஸ்ட் 2 அன்று வந்து, பலரும் பார்க்குமுன் அரங்குகளை விட்டுப் போய்விட்டது. இசை இளையராஜா. கூத்துக் குழுவை நம் பக்கத்தில் ஜமா என்றே சொல்வார்கள். திருவண்ணாமலைப் பக்கத்து ஜமா ஒன்றில் பெண் வேடம் கட்டும் கல்யாணம் என்பவனின் கதை இது. திரௌபதையாக அவன் நின்றால் ஊரே கண்ணீர் விடுகிறது. ஆனால் பகலில் அவன் நடையையும் கையசைவையும் பார்த்து அதே ஊர் சிரிக்கிறது. பெண் கொடுக்க மறுக்கிறது. தன் தந்தை தொடங்கிய ஜமாவில் ஆண் வேடம், அதுவும் அர்ச்சுனன் வேடம், கட்டிவிட வேண்டும் என்பது அவன் ஏக்கம். வாத்தியாராகச் சேத்தன் காட்டும் பொறாமையும் இறுமாப்பும் அவர் திரைவாழ்வின் சிறந்த நடிப்பு எனலாம்.

கூத்தை அழகுப் பொருளாகத் தூக்கிக் காட்டாமல், அதை நம்பிப் பிழைப்பவர்களின் தொழிலாகக் காட்டியதற்காகவே இப்படத்தைப் போற்றுகிறேன். முகத்துக்கு அரிதாரம் பூசும் நேரம், கட்டைக் கிரீடத்தின் கனம், விடிய விடிய ஆடிவிட்டுப் பேருந்தில் உறங்கி வழியும் உடம்பு எல்லாம் இதில் உள்ளன. சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. நாடெங்கிலுமிருந்து நடனமணிகள் வருகிறார்கள். அது நமக்குப் பெருமைதான். அதே மாவட்டத்தில் ஆடி மாதம் திரௌபதையம்மன் கோயில்களின் முன் மண்தரையில் பத்து நாள் பாரதம் ஆடும் கூத்தருக்கு எந்த அஞ்சலியும் கிடைப்பதில்லை. கூத்து கிறிஸ்தவர்களுக்கு அயலானதும் அன்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்கர் இதே கூத்து வடிவில் புனிதர் வரலாறுகளை ஆடினர். 'மூவிராசர் நாடகம்', 'என்றிக் எம்பரதோர் நாடகம்' போன்றவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து அழியாமல் காத்தார். கரையோரக் கத்தோலிக்கரின் கூத்துக்கு அங்கே ஒரு பேராசிரியர் கிடைத்தார். நம் பக்கத்தில் அத்தகைய ஏடுகள் எத்தனை பெட்டிகளில் கறையானுக்கு இரையாயினவோ!

தொலைக்காட்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜனவரியில் 'பொதிகை' என்ற நல்ல பெயர் போய் 'டிடி தமிழ்' என்றாயிற்று. சன் தொலைக்காட்சியில் திருச்செல்வம் இயக்கிய 'எதிர்நீச்சல்' ஜூனில் முடிந்தது. படித்த பெண்கள் ஒரு வீட்டுக்கு மருமகள்களாக வந்து அடுப்படிக்குள் அடைபடுவதை இரண்டாண்டுகளுக்கும் மேலாக அது காட்டியது. வசனத்தில் கூர்மை இருந்தது. நம் வீட்டுப் பெண்கள் அதில் தங்களைக் கண்டார்கள். ஆனால் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்துவின் நடிப்பு அத்தனை சுவையாக அமைந்துவிட்டதால், அடக்குகிறவனே கதாநாயகன் ஆகிவிட்டான். அவன் அதட்டலைச் சிறு பிள்ளைகளும் சொல்லித் திரிந்தார்கள். 2023 செப்டம்பரில் அவர் திடீரென மறைந்த பின் வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். எதிர்த்து நீந்தியவர்களின் பெயர்களை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? நடிப்பின் வெற்றி நோக்கத்தின் தோல்வியாகிவிட்டது.

ஃபெஞ்சல் புயலின்போதும் தொலைக்காட்சி தன் குணத்தைக் காட்டிற்று. நவம்பர் 30 அன்று செய்தி நிலையங்களின் கண்ணெல்லாம் நெடுநேரம் சென்னைமேலேயே இருந்ததாக எனக்குத் தோன்றியது. புயலோ புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்திலும் புதுவையிலும் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரைகடந்தபோதுதான் நம் ஊர்ப் பெயர்கள் திரையின் அடியில் ஓடத் தொடங்கின. அப்போது இங்கே பார்ப்பதற்கு மின்சாரம் இல்லை.

விளையாட்டில் 2024 தமிழருக்கு அள்ளிக் கொடுத்தது. பாரிஸ் பாராலிம்பிக்கில் பெண்கள் பூப்பந்து ஒற்றையர் பிரிவு ஒன்றில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் வெள்ளியும் திருவள்ளூர் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்று ஒரே மேடையில் நின்றார்கள். ஓசூர் நித்யஸ்ரீ இன்னொரு பிரிவில் வெண்கலம் பெற்றார். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 1.85 மீட்டர் தாண்டி மூன்றாவது பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கினார்: 2016இல் தங்கம், அடுத்ததில் வெள்ளி, இதில் வெண்கலம். தங்கம் வெண்கலமாகத் தேய்ந்தது என்று பார்ப்பவர் பார்க்கட்டும். ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கிய ஒருவர் எட்டு ஆண்டுகளாக உலக மேடையில் தம் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்றே நான் பார்க்கிறேன்.

குகேஷைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் பதினான்காம் ஆட்டத்தில் திங் லிரென் தம் 55ஆம் நகர்த்தலில் தவற, ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனார். 1985இல் காஸ்பரோவ் அப்பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. எனக்குப் பிடித்தது வெற்றிக்குப் பிந்திய இரண்டு நிமிடங்கள். கண்ணீர் வழிய, கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் அடுக்கி வைத்தார் அந்தப் பிள்ளை. தோற்றவரின் காய்களையும் சேர்த்தே அடுக்கினார்.

அதற்கு ஆறு நாள்கள் கழித்து, டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் ரவிச்சந்திரன் அஸ்வின் ஓய்வை அறிவித்தார். 106 டெஸ்டுகள், 537 விக்கெட்டுகள், ஆறு சதங்கள். இத்தனைக்குப் பிறகும் வெளிநாடு போனால் பதினொருவரில் அவர் உண்டா இல்லையா என்று டாஸ் போடும்வரை தெரியாது. 2021இல் இங்கிலாந்தில் நடந்த நான்கு டெஸ்டுகளிலும் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். 2023 உலக டெஸ்ட் இறுதியாட்டத்திலும் அப்படியே. பிரிஸ்பேன் ஆட்டத்திலும் அவர் இல்லை. வெளியே உட்காரும் நாள்களில்கூட ஆட்டத்தைப் படித்துக்கொண்டே இருந்த மூளை அது. மறுநாள் சென்னையில் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். மேளம் முழங்க, மாலை போட்டு அழைத்துச் சென்றார்கள். ஆஸ்திரேலியாவில் அந்தத் தொடரில் இன்னும் இரண்டு டெஸ்டுகள் பாக்கி இருந்தன.